தூய மீளளிப்பு

“இந்தப் பெட்டிக்குள் முட்டை எப்படி வந்தது?” என்று துஷ்யந்தி மிஸ் என்னிடம் ஒருமுறை கேட்டார்.

சும்மா பேச்சுவாக்கில் கேட்கவில்லை. நீளமான மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நான் மட்டும். நடுவில் பச்சை நிறச் சாப்பாட்டுப் பெட்டி, அதற்குள் ஒரு கோழி முட்டை. முட்டையின் மேல் ‘சான்று 14’ என்று பேனையால் எழுதியிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே பதில், கோழி போட்டது என்பதுதான். அதைச் சொன்னால் கோழியின் முழுப் பெயரும் முகவரியும் கேட்பார்கள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

“மௌனம் சாதித்தார் என்று எழுதுங்கள்,” என்றார் நடுவில் இருந்தவர்.

நான் பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பரிமளம் அக்காவின் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறேன். பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கடை என்றால் மேசை நாற்காலி போட்ட கடை இல்லை. ஒரு சமையலறை, அதற்கு ஒரு ஜன்னல். ஜன்னல் வழியாகப் பகல் சோற்றுப் பார்சல் மட்டும் கொடுப்போம். தோட்டங்களிலிருந்து கிளினிக்குக்கு வருகிறவர்கள், புடைவைக் கடையில் நிற்கிற பிள்ளைகள், பஸ் ஓட்டுகிறவர்கள் எல்லாம் வாங்குவார்கள். பார்சல் நின்றால் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் பரிமளம் அக்காவுக்கும் எனக்கும் வேறு ஒன்றும் இல்லை.

போன வருசம்வரைக்கும் லன்ச் சீட் என்கிற மெல்லிய பொலித்தீன் தாளில்தான் சோறு கட்டினோம். அது மண்ணில் மக்காது, மாடு தின்றால் சாகும், கழுவ முடியாது. இதெல்லாம் எங்களுக்கும் தெரியும். அதனால் ‘ஊவா மீள்பெட்டிச் செயற்றிட்டம்’ என்று ஒன்று வந்தபோது நான் சந்தோசப்படத்தான் பார்த்தேன். ஆனால் சிரித்துக்கொண்டே படிவம் நீட்டுகிற ஆட்களை நான் லேசில் நம்பமாட்டேன். அதைச் சொல்லக் கடைக்கு வந்த மூன்று பேரும் சிரித்துக்கொண்டுதான் நின்றார்கள்.

தொடக்க விழாவுக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். மண்டப வாசலில் ‘பிளாஸ்டிக்கை ஒழிப்போம்’ என்று பதினெட்டு அடியில் பிளாஸ்டிக் பதாகை. வந்தவர்களுக்கு வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்கான ரெஜிபோம் தட்டில் பற்றிஸும் ரோல்ஸும், அதன் மேல் பொலித்தீன் உறை. ஈ மொய்க்காமல் இருக்க என்றார்கள். பணிப்பாளர் இந்திரஜித் சேர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“இந்தப் பெட்டியை வடிவமைக்க எமக்கு இரண்டு வருடங்கள் பிடித்தன. நான்கு நாடுகளுக்குச் சென்று அங்குள்ள மக்கள் எவ்வாறு உண்கிறார்கள் என்று நேரில் பார்த்தோம். இங்குள்ள மக்கள் எவ்வாறு உண்கிறார்கள் என்று பார்க்கக் கால அவகாசம் போதவில்லை. அது இரண்டாம் கட்டத்தில் வரும். மக்கள் மேல் எமக்குப் பூரண நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையை நாம் ஒவ்வொரு நாளும் பரிசோதிப்போம். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு குறியீடு இருக்கிறது. பெட்டி எங்கே போகிறது, யாரோடு இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கப்படுகிறது, அனைத்தும் எமக்குத் தெரியும். இதற்குப் பெயர்தான் மக்கள் பங்கேற்பு.”

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாதவர்களை யாரோ எழுதிக்கொள்வது போலிருந்தது.

எங்கள் கடைக்கு இருநூறு பெட்டி தந்தார்கள். ஒரு போன் தந்தார்கள். அதில் ‘மீள்’ என்று ஒரு செயலி. ஜன்னலில் தொங்கவிட ஒரு பச்சை அட்டை. அந்த அட்டை இல்லாத கடை இனிமேல் பார்சல் கொடுக்க முடியாது. மூன்று மாதத்துக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பெட்டி ‘தூய மீளளிப்பு’ ஆக, அதாவது கழுவித் துடைத்துத் திரும்பி வர வேண்டும். ஆகாவிட்டால் அட்டையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

பரிமளம் அக்கா பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே மூன்று அறை. சோற்றுக்கான அறை ஒரு உள்ளங்கை அளவு. பெரிய அறையில் சின்னதாக ஒரு இலைப் படம் போட்டிருந்தது.

“இது எதுக்கு புள்ள?”

“பச்சை இலை சாப்பிடுறதுக்காம் அக்கா. சலட்.”

“அப்ப சோத்த எங்க போடுறது? இதுல போட்டா பூனகூட நம்மள ஏசும்.”

பக்கத்துப் பேக்கரி அஸீஸ் நானா ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு பார்த்தார். அவர் இனிப்புப் பணிசைக் கடதாசிப் பையில் போடுகிறவர், ஆகையால் பெட்டி வாங்கவில்லை. “உள்ளுக்க என்னமோ வச்சிருக்கான் பாருங்க,” என்றார். “சும்மா பொட்டிய ஆராவது இனாமா தருவானா? நாம பேசுறது எல்லாம் கேக்கும் இது.”

“கேட்டா கேக்கட்டும் நானா,” என்றார் பரிமளம் அக்கா. “கொழும்புல இருந்து இரைச்சல் கேட்டுப் பழகினவங்களுக்கு நம்ம மிளகாய் இடிக்கிற சத்தம் நல்லாத்தான் இருக்கும்.”

சொன்னாரே தவிர, அன்று முழுக்கப் பெட்டிகளுக்கு முன்னால் யாரைப் பற்றியும் பேசவில்லை.

பெட்டி வாங்குகிற ஒவ்வொருவரையும் செயலியில் பதிய வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று அந்த வேலையை என்னிடம் விட்டார்கள். நல்ல போன் இல்லாதவர்களைக் கடைப் போனிலேயே பதியலாம். பதிந்தவுடன் ஒவ்வொருவருக்கும் நூறு ‘நம்பிக்கைப் புள்ளி’ கிடைக்கும். அதற்குப் பிறகு புள்ளி குறைய மட்டும்தான் வழி இருந்தது, கூடுவதற்கு வழி இல்லை.

பெயர் போட்டதும் வீட்டு இலக்கமும் வீதியும் கேட்டது. தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில், ஏது வீதி? ‘ஆறாம் லயம், நாலாம் காம்பரா’ என்று போட்டேன். சிவப்பாக எழுத்து வந்தது: ‘இவ்வாறானதோர் இடம் இல்லை.’ வரிசையில் நின்ற அம்மாவிடம் நீங்கள் இருக்கிற இடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? துஷ்யந்தி மிஸ்ஸுக்கு அழைப்பெடுத்தேன். அவர்தான் எங்கள் கடைக்குப் பொறுப்பான கண்காணிப்பு உத்தியோகத்தர்.

“முகவரி இல்லாதவங்களுக்கு ‘மாதிரி முகவரி’ன்னு ஒண்ணு இருக்கும் தங்கச்சி. அத அமத்துங்க,” என்றார்.

அமத்தினேன். நூற்று நாற்பது பேரை அப்படிப் பதிந்தேன்.

இரண்டாம் வாரம் ஒரு முச்சக்கர வண்டியில் துஷ்யந்தி மிஸ் வந்து என்னைச் சாட்சியாக ஏற்றிக்கொண்டார். பதுளையில் ஒரே ஒரு வீட்டில் நூற்று நாற்பது பேர் குடியிருந்துகொண்டு, ஒரு நாளைக்கு நூற்று நாற்பது பார்சல் எடுக்கிறார்களாம். இரண்டு எச்சரிக்கைக் கடிதம் போட்டும் பதில் இல்லையாம். வண்டிக்காரர் போன் காட்டிய வழியில் கடைத்தெருவைச் சுற்றி, பாலத்தைத் தாண்டி, திரும்பி வந்து ஒரு கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தினார். அது செயற்றிட்ட அலுவலகம். மாதிரிக்கு ஒரு முகவரி வேண்டும் என்று செயலி செய்தவர்கள் அலுவலகத்தின் முகவரியையே போட்டிருக்கிறார்கள்.

துஷ்யந்தி மிஸ் போனைப் பார்த்தார், பெயர்ப்பலகையைப் பார்த்தார். பிறகு இறங்கிப்போய், தன்னுடைய அலுவலகத்து வருகையாளர் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார். எச்சரிக்கைக் கடிதம் இரண்டும் அங்கேதான் ‘கிடைக்கப்பெற்றது’ முத்திரையோடு கோப்பில் இருந்தன. அவர் எழுதிய அறிக்கையை எனக்குக் காட்டினார், சாட்சி என்று கையெழுத்து வாங்க. ‘குறித்த இடத்தில் ஆட்கள் இருந்தனர். ஆயினும் ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதியிருந்தது.

இனிப் பெரியாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டம். அவருடைய வீட்டுக்காரர் அழகையாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. கிழமைக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், இரத்தம் சுத்திகரிக்க அவரைப் பதுளைக்குக் கூட்டிவருவார். விடிய முன்னமே வெளிக்கிட்டு, பெரகலையில் பஸ் மாறி வருகிறவர்கள். சுத்திகரிப்பு முடிந்தால் அழகையா பெரியப்பா துவண்டுபோய் இருப்பார். பஸ் நிலைய வாங்குப் பலகையில் உட்காரவைத்து, எங்கள் கடைச் சோற்றைப் பெரியம்மா உருட்டிக் கொடுப்பார். பெரியப்பா உப்புச் சேர்க்கக் கூடாது. அதனால் செவ்வாயும் வெள்ளியும் பரிமளம் அக்கா ஒரு சின்னச் சட்டியில் உப்புக் குறைத்துத் தனியாகக் கறி வைப்பார். பதுளையில் வேறு எந்தக் கடையிலும் அது கிடைக்காது.

பெட்டியை முதன்முதலில் கொண்டுபோன நாளில் பெரியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல என்னா புள்ள கட்டம் கட்டமா?”

“அது ஒரு அடையாளம் பெரியம்மா. பெட்டி யாருகிட்ட இருக்குன்னு ஓபீசுக்குத் தெரியும்.”

“எங்க தோட்டத்து ஓபீசுக்கா?”

“இல்ல, இது வேற ஓபீசு.”

“வேறன்னா யாரு? நிவாரணப் பட்டியல்ல இருந்து பேர வெட்டுறவங்களா?”

தெரியாது என்று சொன்னேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. அந்தப் பெட்டியைத் தண்ணி வாளியால் மூடித்தான் மூன்று இரவும் வீட்டில் வைத்திருந்தார்களாம். பெரியப்பா தூக்கத்தில் தோட்டத்துத் துரைமாரைத் திட்டுவது வழக்கமாம்.

வெள்ளிக்கிழமை பெட்டி திரும்பி வந்தது. பெட்டியைத் திருப்பி வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. மூடியைத் திறக்க முன் போனைப் பிடித்திருக்க வேண்டும். கொண்டுவந்தவர் தன் கையால் திறக்க வேண்டும். திறந்ததும் போன் தானாகப் படமெடுத்துக்கொள்ளும். பெரியம்மா திறந்தார். உள்ளே, அந்த சலட் அறையில், எட்டு கொய்யாப்பழம் நெருக்கமாக அடுக்கியிருந்தது.

போனில் மணிச் சத்தம் கேட்டது. ‘உள்ளடக்கம் கண்டறியப்பட்டது. சந்தேகத்துக்குரிய மீளளிப்பு.’

“என்னா சொல்லுது?”

“பெட்டி வெறுமையா இருக்கணுமாம் பெரியம்மா. அடுத்த தரம் வெறும் பெட்டியா கொண்டாங்க.”

பெரியம்மாவின் முகம் மாறியது. “வெறும் பெட்டியவா? நம்மளுக்குள்ள என்னா புள்ள சண்டை?”

லயத்தில் பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு கிண்ணம் கறி வந்தால், அந்தக் கிண்ணம் கழுவியபடி வெறுமையாகத் திரும்பாது. இரண்டு பச்சை மிளகாயாவது, ஒரு பிடி சீனியாவது அதில் இருக்கும். வெறுமையாகத் திரும்பிய கிண்ணத்தைப் பார்த்துவிட்டு ஆறு வருசம் பேசாமல் இருந்த வீடுகளை எனக்குத் தெரியும். பரிமளம் அக்காவைக் கூப்பிட்டு, நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் கொய்யாவை முந்தானையில் வாங்கிக்கொண்டு, “நல்லா பழுத்திருக்கு அக்கா,” என்றார். அவராலும் சொல்ல முடியவில்லை.

பெரியம்மா ஒருவர் மட்டும் இல்லை. அந்த மாதம் கறிவேப்பிலை வந்தது. இஞ்சி வந்தது. தேயிலைத் தூள், அவித்த பலாக்கொட்டை, கோயில் திருநீறு வந்தது. பஸ் ஓட்டுகிற ஒருவர் ஒன்றும் கிடைக்காமல் இரண்டு டொஃபி வைத்திருந்தார். எங்கள் கடையின் தூய மீளளிப்பு நூற்றுக்கு அறுபத்தொன்றில் வந்து நின்றது. பரிமளம் அக்கா தினமும் சோறு வடிக்க முன் பச்சை அட்டையை ஒருமுறை பார்ப்பார். ஆணி இறுக்கமாக இருக்கிறதா என்றும் தொட்டுப் பார்ப்பார்.

செயற்றிட்டம் இதற்கு ஏழாம் இலக்கப் படிவத்தைக் கண்டுபிடித்தது. உள்ளே இருந்த பொருளை உரியவருக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறுங்கையால் கொடுக்கக் கூடாது, சுகாதாரம். அதை ஒரு மீள்பெட்டியில் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அப்படியே செய்தேன். ஒரு பெட்டியில் சோறும் இன்னொரு பெட்டியில் இஞ்சியுமாகக் கொடுத்தேன். ஆட்கள் இரண்டு பெட்டியையும் கழுவி, இரண்டிலும் ஏதாவது வைத்துக் கொண்டுவந்தார்கள். ஒரு மாதத்துக்குள் எங்கள் இருநூறு பெட்டியில் பாதி, சோற்றோடு சம்பந்தமே இல்லாமல், ஊவா முழுக்கக் காய்கறி சுமந்துகொண்டு திரிந்தது. இதையும் செயலி ஒரு வெற்றியாகக் காட்டியது. ‘பெட்டிப் பயன்பாடு இரட்டிப்பாகியுள்ளது.’

அடுத்த முறை பெரியம்மா கொண்டுவந்த எட்டு கொய்யாவையும் திருப்பிக் கொடுத்தபோது, அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். “ஏன் புள்ள, பரிமளத்துக்கு புடிக்கலையா? புழு கிழு இருந்துச்சா?”

“இல்ல பெரியம்மா. ஓபீசுல வாங்கக் கூடாதுங்கிறாங்க.”

“ஓபீசுக்கு யாரு குடுத்தா? நான் பரிமளத்துக்குத்தானே குடுத்தேன்.” யோசித்துவிட்டு, “பழம் வேணாம்னா வேற பாத்துக்கிடுவோம்,” என்றார்.

அந்தக் கொய்யாவைப் பெரியம்மா கொண்டுபோக முன்னமே துஷ்யந்தி மிஸ் வந்து, படிவத்தில் ஒரு எழுத்து விடுபட்டிருக்கிறது என்று சான்றாக எடுத்துக்கொண்டு போனார். எட்டு என்று பதிந்தார். பிறகு நான் விசாரணைக்குப் போன அன்று சான்று அலுமாரியில் இரண்டுதான் இருந்தது. அதைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

அடுத்து ‘வெறுமை பற்றிய விழிப்புணர்வுச் செயலமர்வு’ நடந்தது. கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களும் அரை நாள் உட்கார வேண்டும். துஷ்யந்தி மிஸ் மேடையில் ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று நாலாபக்கமும் காட்டினார். பிறகு மூடினார். பிறகு ஒவ்வொருவராக வந்து அதேபோலச் செய்து காட்டச் சொன்னார்கள். பெரியம்மாவும் போய்ச் செய்தார். வெறும் பெட்டியைக் கொடுக்கிறபோது அவருக்குக் கை கூசியது. இடுப்புச் சுருக்குப் பையைத் துழாவி, ஒரு வெற்றிலையை எடுத்து உள்ளே வைத்துவிட்டுத்தான் மூடினார்.

இந்திரஜித் சேர் பேசினார். “எமது இலக்கு வெறுமை. நாம் வெறுமையை நோக்கி நகர்கிறோம். இச்செயற்றிட்டத்தின் ஆரம்பத்திலிருந்து இன்றுவரை எமது குழு ஒரு கணம்கூட அதிலிருந்து விலகவில்லை. மக்களிடமிருந்து நாம் எதையும் பெற விரும்பவில்லை. கையெழுத்து, கைரேகை, தொலைபேசி இலக்கம், புகைப்படம் தவிர.”

செயலமர்வு முடியப் பகல் சாப்பாடு தந்தார்கள். லன்ச் சீட்டில் கட்டியிருந்தது. பெட்டிகளெல்லாம் கண்காட்சிக்கு அடுக்கியிருந்தபடியால் எடுக்க முடியாதாம்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமைதான் முட்டை வந்தது.

துஷ்யந்தி மிஸ் அன்றைக்குப் பார்த்துக் கடையில் நின்றார். பெரியம்மா பெட்டியைத் திறந்தார். பழைய துணித்துண்டை வட்டமாகச் சுருட்டி, அதன் நடுவில் ஒற்றை முட்டை. “நாட்டுக்கோழி,” என்றார் பரிமளம் அக்காவிடம். “மொத மொதலா போட்டது. ஒனக்குத்தான்னு எடுத்து வச்சேன்.” போன் மணி அடித்தது. துஷ்யந்தி மிஸ் ஒரு கைக்குட்டையால் முட்டையை எடுத்தார்.

திங்கட்கிழமை எனக்குக் கடிதம் வந்தது. அப்படித்தான் அன்றைக்கே அந்த நீளமான மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

“கொய்யாவைக் கவனயீனம் என்று ஏற்கலாம்,” என்றார் இந்திரஜித் சேர். “மரத்திலிருந்து தவறி விழுந்திருக்கலாம். கறிவேப்பிலையைக் காற்று கொண்டுவந்திருக்கலாம். முட்டையைக் காற்று கொண்டுவராது. முட்டையில் ஒரு நோக்கம் இருக்கிறது.”

“இலஞ்சமா?” என்று மூன்றாவது ஆள் கண்ணைத் திறந்து கேட்டார். அவர் சட்ட ஆலோசகர்.

“முட்டைக் கோது உடையாமல் கொஸ்லந்தையிலிருந்து வந்திருக்கிறது. பஸ் மாறி வந்திருக்கிறது. அப்படியென்றால் எவ்வளவு திட்டமிட்டிருக்க வேண்டும்?” என்றார் இந்திரஜித் சேர்.

சட்ட ஆலோசகர் முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே வேறு ஏதும் இருக்கிறதா என்று பார்த்திருப்பார்.

எனக்கு ஆட்கள் முன்னால் பேச வராது. அன்றைக்கு எப்படியோ வந்தது. “சேர், எங்க ஆளுங்க வெறும் ஏனத்தத் திருப்பிக் குடுக்க மாட்டாங்க சேர்.”

“ஏன்?”

“குடுத்தா, இனி ஒறவு இல்லன்னு அர்த்தம் சேர்.”

இந்திரஜித் சேர் பக்கத்தில் இருந்த இருவரையும் பார்த்தார். உண்மையிலேயே குழம்பிப்போயிருந்தார். “எமக்கும் மக்களுக்கும் இடையில் உறவு ஏதும் இல்லையே! அப்படியொன்று இருப்பதாக எந்த ஆவணத்திலும் கிடையாது.”

“கிடையாது சேர்,” என்றார் துஷ்யந்தி மிஸ், கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு.

பிறகு என்னை வெளியே கூட்டிவந்தார். தாழ்வாரத்தில் அவர் வேறு மாதிரிப் பேசினார், எங்கள் வீட்டு ஆள் போல. அதைத்தான் நான் அதிகமாகச் சந்தேகப்பட்டேன்.

“இங்க பாருங்க தங்கச்சி. ஒங்க கடை அறுபத்தொண்ணுல நிக்குது. நாளையோட மூணு மாசம் முடியுது. அட்டையக் கழட்டச் சொல்லிட்டாங்க. நான்தான் மறிச்சு வச்சிருக்கேன். ஒரு வழி இருக்கு. எல்லாப் பொருளும் ஒரே ஆளுகிட்ட இருந்துதான் ஆரம்பிச்சுதுன்னு வச்சுக்குவோம். அந்த ஆள நீக்கிட்டா மத்த எல்லாரும் சுத்தம். கடைக்கு தொண்ணூத்தெட்டு வரும்.”

“பலாக்கொட்டை வேற ஆளு மிஸ். இஞ்சி வேற ஆளு.”

“அது செயலிக்குத் தெரியாது.”

“அந்த ஒரு ஆளு யாரு மிஸ்?”

அவர் கையில் இருந்த தாளைக் காட்டினார். ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்தது. ‘பெரியாயி என்பவரே இப்பழக்கத்தின் தோற்றுவாய் எனவும், ஏனையோரைத் தூண்டியவர் எனவும் கடைப் பணியாளராகிய நான் உறுதிப்படுத்துகிறேன்.’ கீழே என் பெயர், மதுஷா. எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தது.

“அவங்களுக்கு என்னா ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது. பேருக்குப் பக்கத்துல ஒரு செவப்புப் புள்ளி வரும். அட்டை இருக்கிற கடையில பார்சல் குடுக்க மாட்டாங்க. அவ்வளவுதான். பொலிஸ் கிலிஸ் எல்லாம் இல்ல.”

நான் தாளை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். பரிமளம் அக்கா செவ்வாய்க்கிழமைக்குப் பருப்பு துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். வாசித்துக் காட்டினேன். அவர் நிமிரவில்லை. கல்லை எடுத்து ஒரு பக்கம் போட்டார், இன்னொரு கல்லை எடுத்தார்.

“கையெழுத்து வைக்கவா அக்கா?”

“என் வாயால சொல்ல மாட்டேன் புள்ள.”

“வைக்காம விடவா?”

“அதையும் நான் சொல்ல மாட்டேன்.”

ஜன்னலில் அட்டை ஆடிக்கொண்டிருந்தது. அஸீஸ் நானா எட்டிப் பார்த்து, “என்ன புள்ள தாள்?” என்று கேட்டார். தண்ணிப் பில் என்றேன். பிறகு அரிசி மூட்டையில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். சாக்கு மேடு பள்ளமாக இருந்ததால் பெயர் கொஞ்சம் கோணலாக வந்தது. அது போதும் என்று துஷ்யந்தி மிஸ் சொன்னார். போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரமே செயலியில் எங்கள் கடைக்கு நேரே தொண்ணூற்றெட்டு என்று வந்தது. பழைய அட்டையைக் கழற்றிவிட்டுப் பொன் நிறக் கரை போட்ட புது அட்டையை மாட்டினார்கள், ஒரு வருசத்துக்கு. இந்திரஜித் சேர் அட்டையோடு நின்று படமெடுத்துக்கொண்டார். “இது மக்களின் வெற்றி,” என்றார். ஜன்னலுக்கு முன்னால் நின்ற மக்களைப் படத்தில் விழாமல் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

இதில் ஒன்றை மட்டும் எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. செயற்றிட்டத்துக்கு வெளிப்படைத்தன்மை என்று ஒரு கொள்கை இருந்தது. அதனால் நீக்கப்படுகிறவருடைய போனுக்கு, பெரியம்மாவின் பழைய பட்டன் போனுக்கும்கூட, ஒரு குறுஞ்செய்தி போகும். தமிழில்தான் போகும். ‘உங்கள் நம்பிக்கைப் புள்ளி: 0. காரணம்: தூண்டுதல். உறுதிப்படுத்தியவர்: மதுஷா. உங்களிடமுள்ள பெட்டியை உடன் ஒப்படைக்கவும்.’

செவ்வாய்க்கிழமை பரிமளம் அக்கா உப்புக் குறைத்த கறியைச் சின்னச் சட்டியில் வைத்தார். பெட்டியில் போட முடியாது, பெட்டியை எடுத்தால் செயலிக்குத் தெரிந்துவிடும். பின் வளவு வாழையில் ஒரு இலை வெட்டி, அடுப்பில் வாட்டி, சோற்றைக் கட்டி, மேலே பழைய பத்திரிகையைச் சுற்றி, மேசைக்குக் கீழே ஒளித்து வைத்தார். “கேட்டா குடுத்துருவோம். போன அந்தப் பக்கம் திருப்பி வையி,” என்றார்.

ஒன்றரை மணி இருக்கும். பெரியப்பாவைப் பஸ் நிலைய வாங்கில் உட்காரவைத்துவிட்டு பெரியம்மா வந்தார். வரிசையில் நான்கு பேருக்குப் பின்னால் நின்றார். முறை வந்ததும் ஜன்னல் விளிம்பில் பெட்டியை வைத்தார். நான் போனைத் திருப்பவில்லை, தொடவும் இல்லை. அவரே அதை எடுத்து, தன் பக்கம் திருப்பி, சரியாகப் பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு மூடியைத் திறந்தார்.

உள்ளே ஒன்றும் இல்லை. மூன்று அறையும் சாம்பல் போட்டுத் தேய்த்ததில் பளபளவென்று இருந்தது.

போனில் கைதட்டுகிற சத்தம் கேட்டது. நூறு பேர் தட்டுகிற மாதிரி. பெரியம்மாவின் பெட்டிக்கு அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. ‘பாராட்டுக்கள்! முழுமையான தூய மீளளிப்பு.’

“அக்கா,” என்று பரிமளம் அக்கா குனிந்து பார்சலை எடுத்து, பத்திரிகைச் சுருளோடு ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். “அண்ணனுக்கு. உப்பு போடல.”

பெரியம்மா பார்சலைப் பார்த்தார். பரிமளம் அக்காவைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார், எதையோ எண்ணிக்கொண்டிருப்பவர் மாதிரி நிதானமாக. பின்னால் நின்றவர் நகரச் சொல்லி இருமினார்.

நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறுங்கையோடு ரோட்டைக் கடந்து போனார்.